சீனியில்லா இனிமை
சிறுவர் உணவிற் செயற்கை இனிப்புப் பொருள்கள்

சென்ற தவணை நடைபெற்ற பெற்றார் கூட்டத்தின் முடிவிற் கீழ்ப்பிரிவு மாணவன் ஒருவனின் தந்தையார் வெறும் போத்தல் ஒன்றைக் கையிலேந்தியவராய் என்னிடம் வந்தார். "ஐயா, பச்சை அடையாளம் போட்டிருக்கிறது, பயமில்லையென்று நாள்தோறும் ஒரு போத்தல் வாங்கிக் கொடுத்து வந்தேன். நேற்று மூத்தமகள் பின்பக்கத்து எழுத்தை வாசித்து, இதற்குள் ஏதோ மருந்து கலந்திருக்கிறது என்கிறாள். கொடுக்கலாமோ, கூடாதோ? ஒரு சொல்லிற் சொல்லுங்கள்" என்றார். அவருடைய தாயாரும் தமையனாரும் நீரிழிவினால் வருந்துபவர்கள். மகனைச் சீனியினின்றும் காத்தல் வேண்டுமென்ற கவலையே அவரை அப்பானத்தின்பாற் செலுத்தியது. ஒரு சொல்லில் விடை கூற என்னால் இயலவில்லை. யான் விஞ்ஞானம் கற்பிப்பவனும் அல்லேன். ஆயினும் அவ்வினா என் மனத்தை விட்டகலாமையின், நூல்களைத் துருவியும், இரசாயனம் கற்பிக்கும் நண்பரை வினாவியும் அறிந்தவற்றை ஈண்டு எழுதலாயினேன்.

முதற்கண் அப்பச்சை அடையாளத்தின் பொருளை அறிதல் வேண்டும். நம் நாட்டிற் பானங்களிலுள்ள சீனியின் அளவை நிறத்தாற் காட்டும் விதி 2016ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. அவ்விதியின்படி 100 மில்லிலீற்றர் பானத்தில் 11 கிராமுக்கு மேற் சீனியிருப்பின் சிவப்பு. 2 கிராம் முதல் 11 கிராம் வரையெனின் மஞ்சள். 2 கிராமினும் குறையின் பச்சை. 2017ஆம் ஆண்டு நவம்பரிற் பானத்திலுள்ள சீனிக்குக் கிராமொன்றுக்கு 50 சதம் என்று வரியும் விதிக்கப்பட்டது. அவ்வீதம் பின்னர் மாற்றமடைந்தது. இவை நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்டனவே. ஆனால், பானஞ் செய்வோன் சீனியைக் குறைக்குங்கால் இனிமையையுங் குறைப்பான் என்று நாம் எதிர்பார்ப்பது பேதைமை. இனிமை குன்றின் விற்பனை குன்றும். ஆதலின் சீனி வெளியேறிய வாயிலால் வேறொன்று உட்புகுந்தது. பச்சை நிறம் சீனியைப் பற்றி மட்டுமே பேசுகின்றது. உட்புகுந்த அப்பொருளைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. தந்தையார் அதனை "இது பிள்ளைக்கு நல்லது" என்ற சான்றிதழாகக் கொண்டதே தவறு. அத்தவற்றிற்கு அவரை மட்டும் குறை கூறுதலும் தகாது.

இனி, சீனியின்றி இனிமை எங்ஙனம் உண்டாகின்றது என்பதைப் பார்ப்போம். நம் முன்னோர் சுவையை ஆறென வகுத்து இனிப்பைத் தலைமையாக வைத்தனர். பிறந்த சிசுவின் நாவில் இனிப்புப் பட்டால் அது முகமலர்வதும், கைப்புப் பட்டால் முகஞ்சுழிப்பதும் யாவரும் அறிந்ததே. தாய்ப்பாலின் இனிமையை நாடுமாறு இயற்கை அதனை அமைத்திருக்கின்றது. நாவின் சுவையரும்புகளில் இனிப்பை உணர்தற்கென ஒருவகை ஏற்பிகள் உள்ளன. 2001ஆம் ஆண்டளவில் அவற்றின் அமைப்புத் தெளிவாயிற்று. பூட்டினுள் திறப்பு நுழைவதுபோற் சீனியின் மூலக்கூறு அவ்வேற்பியிற் பொருந்த, மூளை அதனை இனிப்பென அறிகின்றது. ஆனால் அப்பூட்டு ஒரே திறப்புக்கு மட்டுந் திறப்பதன்று. சீனியோடு எவ்வித உறவுமில்லாத சில பொருள்களும் அதனைத் திறக்கின்றன. சீனியிலும் பன்மடங்கு இறுகப் பொருந்தித் திறக்கின்றன. சைக்கிளமேற்று சீனியிலும் ஏறத்தாழ 30 மடங்கு இனிமையுடையது; அஸ்பாட்டேம், அசிசல்பேம் என்பன 200 மடங்கு; சக்கரின் 300 மடங்குக்கு மேல்; சுக்கிரலோஸ் 600 மடங்கு. ஒரு கரண்டி சீனி செய்யுந் தொழிலை இவற்றின் ஒரு துணுக்குச் செய்துவிடுமாதலின் உடலுக்கு அவற்றாற் கிடைக்குங் கலோரி இல்லையெனவே கூறலாம். சக்கரினை உண்டபின் நாவில் எஞ்சும் உலோகக் கைப்பு, அது கைப்பின் பூட்டுக்களையுஞ் சற்றே திறப்பதால் விளைவது.

இப்பொருள்கள் கண்டுபிடிக்கப்பட்ட வரலாறு நகைச்சுவை பொருந்தியது. 1879ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரில், ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்து ஐரா ரெம்சன் என்பாரின் ஆய்வுகூடத்திற் கொன்ஸ்ரன்ரைன் பால்பேர்க் என்பவர் நிலக்கரித் தாரிலிருந்து பெறப்படும் பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒருநாள் மாலை உணவருந்த அமர்ந்தவருக்குப் பாண் அளவுகடந்து இனித்தது. கை கழுவாது வந்ததே அதற்குக் காரணம் என்றுணர்ந்தவர் ஆய்வுகூடத்துக்கு மீண்டோடி, மேசைமீதிருந்த கலங்களை ஒவ்வொன்றாகச் சுவைத்துப் பார்த்து, இனிப்பின் இருப்பிடத்தைக் கண்டார். அதுவே சக்கரின். கண்டுபிடிப்பை இருவரும் சேர்ந்தே வெளியிட்டனர். ஆனால் ஆக்கவுரிமையைப் பால்பேர்க் தனித்துப் பெற்றுச் செல்வந்தராயினார். ரெம்சன் அதனை இறுதிவரை மறக்கவில்லை. 1937இல் இலினோய்ப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்வேடா என்ற மாணவர் மேசைமீது வைத்த சிகரெற்றை மீண்டும் வாயில் வைத்தபோது அது இனித்தது, சைக்கிளமேற்று பிறந்தது. 1965இற் குடற்புண்ணுக்கு மருந்து தேடிய ஜேம்ஸ் ஸ்லற்றர் ஒரு தாளை எடுப்பதற்காக விரலை நாவில் நனைத்தார், அஸ்பாட்டேம் பிறந்தது. 1976இல் இலண்டனிற் சஷிகாந்த் பட்னிஸ் என்ற இந்திய ஆய்வாளரிடம் ஒரு பொருளைப் 'பரிசோதிக்க' என்று சொல்லப்பட்டதை, ஒலியொப்புமையால் அவர் 'சுவைக்க' என்று கேட்டுச் சுவைத்துவிட்டார், சுக்கிரலோஸ் பிறந்தது. ஆய்வுகூடத்தில் எதனையும் வாயில் வைக்கலாகாதென நம் மாணவருக்கு நாள்தோறும் ஓதும் இரசாயன ஆசிரியர், இவ்வரலாற்றை அவர்க்குக் கூறுவதில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

பிறந்த நாள் தொட்டு இவற்றைச் சந்தேகமும் தொடர்ந்தே வந்திருக்கின்றது. அமெரிக்காவில் இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்திலேயே உணவுத் தூய்மைக்காகப் போராடிய ஹார்வி வைலி சக்கரினைத் தடுக்க முயன்றார். அவருக்கு எதிர்நின்றவர் குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ற். வைத்தியரின் சொற்படி நாள்தோறும் சக்கரின் உண்டவர் அவர். உலகப்போர்க் காலத்திற் சீனிப் பஞ்சம் வர, சக்கரின் வீடுதோறும் புகுந்தது. 1969இற் சைக்கிளமேற்றுஞ் சக்கரினும் கலந்து ஊட்டப்பெற்ற எலிகளின் சிறுநீர்ப்பையிற் கட்டிகள் தோன்றவே, அமெரிக்கா சைக்கிளமேற்றைத் தடைசெய்தது. அத்தடை இன்றுமுள்ளது, ஆனால் ஐரோப்பிய நாடுகளில் அது அனுமதிக்கப்பட்டிருக்கின்றது. ஒரே பொருள் ஓரிடத்தில் விலக்கப்பட்டதும் வேறோரிடத்தில் விற்கப்படுவதுமாக இருத்தலைக் கண்டு பெற்றார் மயங்குவதில் வியப்பில்லை.

1977இற் சக்கரினுக்கும் அதே கதி நேரவிருந்தது. கனடாவிற் செய்யப்பட்ட ஆய்வில், உணவில் நூற்றுக்கு ஐந்து பங்கு சக்கரின் உண்ட ஆண் எலிகளுக்குச் சிறுநீர்ப்பையிற் கட்டி கண்டது. அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் தடைவிதிக்க முற்பட, நீரிழிவு நோயாளரும் பிறரும் எதிர்த்தெழுந்தனர். காங்கிரஸ் தடையை நிறுத்திவைத்து, பொதியில் எச்சரிக்கை அச்சிடப்படல் வேண்டுமென்று மட்டும் சட்டஞ் செய்தது. பின்னர் நிகழ்ந்த ஆராய்ச்சியே சுவையானது. ஆண் எலியின் சிறுநீர் மனிதனுடையதைப் போன்றதன்று. அதிற் புரதமும் கல்சியம் பொசுபேற்றும் மிகுதி. பெருந்தொகையான சக்கரின் அதனோடு சேருங்கால் நுண்ணிய படிவுகள் உண்டாகிச் சிறுநீர்ப்பையின் உட்சுவரை உராய்ந்து புண்ணாக்குகின்றன. அப்புண் ஆறும் முயற்சியிற் கலங்கள் பெருகிக் கட்டியாகின்றன. மனிதரிடத்து இந்நிகழ்ச்சி இல்லை. ஆகவே 2000ஆம் ஆண்டிற் சக்கரின் புற்றுநோய்ப் பொருள்களின் பட்டியலினின்றும் நீக்கப்பட்டது. எச்சரிக்கைச் சட்டமும் அவ்வாண்டே நீக்கப்பட்டது. இருபத்துமூன்று ஆண்டுகள் ஓர் எலியின் சிறுநீர் மக்களை அச்சுறுத்திற்று என்று நகைத்துவிடலாம். யான் அங்ஙனம் நகைக்க விரும்பவில்லை. ஐயம் தோன்றியபோது எச்சரித்ததும், ஐயம் நீங்கியபோது எச்சரிக்கையை நீக்கியதும் இரண்டுமே நேர்மையான செயல்கள்.

அண்மையில் அஸ்பாட்டேம் பற்றி எழுந்த ஆரவாரம் இதனினும் குழப்பமானது. 2023ஆம் ஆண்டு யூலையிற் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் அஸ்பாட்டேமை 'புற்றுநோயை விளைக்கக்கூடியதாயிருக்கலாம்' என்னும் வகுப்பிற் சேர்த்தது. அதே நாளில் உணவுச் சேர்க்கைகள் பற்றிய நிபுணர் குழு, ஒருவர் தம் உடல் நிறையின் கிலோகிராம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வரை உண்ணலாமென்ற பழைய எல்லையை மாற்றவேண்டியதில்லை என்றது. பத்திரிகைகள் முன்னதைப் பெரிய எழுத்திலும் பின்னதைச் சிறிய எழுத்திலும் அச்சிட்டன. இரு குழுவும் வெவ்வேறு வினாவுக்கு விடை கூறின என்பதை உணர்ந்தார்க்கு முரண்பாடில்லை. முதற்குழு கேட்பது, இப்பொருளுக்குத் தீங்கு செய்யும் ஆற்றல் எவ்வகையிலேனும் உண்டென்பதற்குச் சான்று எவ்வளவு என்பது. இரண்டாவது குழு கேட்பது, மக்கள் உண்ணும் அளவில் அத்தீங்கு நேருமா என்பது. கிணற்றில் ஆழமுண்டு என்பது ஒன்று. கட்டுச்சுவருக்கு வெளியே நிற்பவன் அதில் வீழ்வானா என்பது வேறொன்று. ஆசிய நாடுகளின் பழைய முறைக் காய்கறி ஊறுகாயும் அஸ்பாட்டேம் இருக்கும் அதே வகுப்பில் இருக்கின்றது.

எனினும், பெற்றார்க்குக் கூறப்படும் ஆறுதலில் ஒரு குறை இருக்கின்றது. 70 கிலோகிராம் நிறையுடைய ஒருவர் இவ்வெல்லையைக் கடப்பதாயின் நாளொன்றுக்கு 9 முதல் 14 கலம் பானம் அருந்தல் வேண்டுமென எங்கும் எழுதினர். கலம் ஒன்றில் 200 முதல் 300 மில்லிகிராம் அஸ்பாட்டேம் உண்டெனக் கொண்டு செய்த கணக்கு இது, கணக்குப் பிழையில்லை. ஆனால் நம் கீழ்ப்பிரிவு வகுப்பில் 70 கிலோகிராம் நிறையுடையவர் ஆசிரியரே. 20 கிலோகிராம் நிறையுடைய சிறுவனுக்கு எல்லை 800 மில்லிகிராம். அதே கணக்கின்படி மூன்று அல்லது நான்கு கலம். 12 கிலோகிராம் குழந்தைக்கு 480 மில்லிகிராம். ஒன்றரைக் கலத்திலிருந்து இரண்டரைக் கலத்துக்குள் எல்லை வந்துவிடுகின்றது. பானம் ஒன்றோடு நிற்பதுமில்லை. தயிர், மெல்லும் மிட்டாய், இருமல் மருந்து, விற்றமின் குளிகை யாவற்றிலும் இனிப்புப் பொருள் இருக்கலாம். எல்லையைச் சிறிது கடந்தவுடன் நோய் வருமென்பது இதன் பொருளன்று. விலங்குகளுக்குத் தீங்கு செய்யாத அளவின் நூறிலொரு பங்கையே எல்லையாக வைப்பது பொதுவழக்கு. சிறுவர் தம் நிறைக்கு மிகுதியாகப் பருகுகின்றனர் என்பதே கருத்து. இது பெற்றாரின் வீண் அச்சம் அன்று என்பதற்குச் சான்று: சைக்கிளமேற்றைப் பானங்களில் லீற்றருக்கு 400 மில்லிகிராம் வரை அனுமதித்திருந்த ஐரோப்பிய ஒன்றியம், குழந்தைகள் பருகும் அளவை எண்ணி, 2003ஆம் ஆண்டுக் கட்டளையால் அதனை 250 ஆகக் குறைத்தது. சிசுக்களுக்கும் இளங்குழந்தைகளுக்குமென ஆக்கப்படும் உணவில் இனிப்புப் பொருள்களை அவ்வொன்றியம் அறவே அனுமதிப்பதில்லை.

அஸ்பாட்டேமை அறவே விலக்கவேண்டிய பிள்ளைகளும் உளர். அது உடலிற் சிதைந்து பீனைலலனின் என்ற பொருளைத் தருகின்றது. பிறவியிலேயே அதனைச் செரிக்கும் ஆற்றலில்லாத குறை ஒன்றை 1934இல் நோர்வே வைத்தியர் போலிங் கண்டறிந்தார். அக்குறையுடைய குழந்தையின் மூளையைப் பீனைலலனின் கெடுக்கும். பொதிகளில் 'பீனைலலனின் உண்டு' என அச்சிடப்படுவது அவர்க்காகவே. ஏனையோர் அவ்வரியைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை; பாலிலும் முட்டையிலும் பருப்பிலும் அப்பொருள் நிரம்ப உண்டு.

நஞ்சா அன்றா என்ற வினாவோடு நின்றுவிடுவோர் பலர். தந்தையாரின் கவலையோ வேறு: இதனால் என் மகனுக்கு நன்மை உண்டா என்பது. இதற்கு ஒல்லாந்தில் நிகழ்ந்த ஓர் ஆய்வு தெளிவான விடை தருகின்றது. 2012இல் வெளியான அவ்வாய்வில் 641 சிறார் பதினெட்டு மாதம் நாள்தோறும் 250 மில்லிலீற்றர் பானம் அருந்தினர். ஒரு பாதியினர்க்குச் சீனிப்பானம், மறு பாதியினர்க்குச் செயற்கை இனிப்புப் பானம். எவர்க்கு எதுவென அவரும் அறியார், அளித்தோரும் அறியார். முடிவிற் சீனிப்பானங் குடித்தவர் சராசரி 7.37 கிலோகிராமும், மற்றவர் 6.35 கிலோகிராமும் நிறைகூடியிருந்தனர். ஆகவே சீனிப்பானத்தோடு ஒப்பிடுமிடத்து இது நல்லது என்பதில் ஐயமில்லை. ஆனால் தண்ணீரோடு ஒப்பிடப்படவில்லை என்பதைக் கவனிக்க. 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் உலக சுகாதார தாபனம், உடல் நிறையைக் கட்டுப்படுத்தும் பொருட்டு இவ்வினிப்புக்களை நாடவேண்டாம் என்று அறிவுறுத்திற்று; நெடுங்காலப் பயன் காணப்படவில்லை என்பது அதன் காரணம். ஏற்கெனவே நீரிழிவுடையார்க்கு இவ்வறிவுரை பொருந்தாதெனவும் கூறிற்று. ஆதலின் அத்தந்தையாரின் தாயார் தேநீரில் இடும் குளிகையை யாரும் பறிக்கவேண்டியதில்லை.

பல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. பற்சூத்தையை உண்டாக்கும் கிருமிகள் செயற்கை இனிப்பை உண்டு வாழமாட்டா, அவ்வகையில் ஆதாயமே. ஆயினும் சீனியற்ற சோடாவும் கோலாவும் புளிப்பு அமிலங் கொண்டவை. அவ்வமிலம் பல்லின் மிளிரியைக் கரைக்குங்கால் உள்ளே சீனி உண்டா இல்லையா என்று பார்ப்பதில்லை.

எல்லாவற்றினும் எனக்குப் பெரிதாகப் படுவது நாவின் பழக்கம். மிகுந்த இனிமைக்குப் பழகிய பிள்ளைக்கு வாழைப்பழம் சப்பென்றிருக்கின்றது, தோடம்பழம் புளிக்கின்றது, தண்ணீர் தண்டனையாகின்றது. என் வகுப்பில் மதிய இடைவேளையிற் போத்தலில் தண்ணீர் கொண்டுவரும் பிள்ளைகளை எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கையை எழுத மனம் வரவில்லை.

செயற்கை கூடாதெனின் இயற்கை இனிப்பைக் கொள்வோம் என்று சிலர் புறப்படுவர். பரகுவே நாட்டுக் குவாரானி மக்கள் நெடுங்காலம் பயன்படுத்திய சீனித்துளசி இலையிலிருந்து எடுக்கப்படும் பொருளுக்கும் நாளொன்றுக்கு இவ்வளவென எல்லை உண்டு. நம் வைத்தியர் அறிந்த அதிமதுரம் சீனியிலும் பன்மடங்கு இனியது. அளவு கடந்து நெடுநாள் உண்டால் இரத்த அழுத்தத்தை ஏற்றும். பழைய உரோமர் ஈயக் கலத்திற் காய்ச்சிய திராட்சைச் சாற்றின் இனிமைக்கு ஈயவுப்புத் துணைசெய்தது. அதுவும் ஒருவகை 'இயற்கை'தான்.

சில நாட்களின் பின் அத்தந்தையாரைச் சந்தையில் எதிர்ப்பட்டேன். போத்தலின் பின்புறத்தில் ஐ.என்.எஸ். 950, 955 என்று இருந்தவை முறையே அசிசல்பேம், சுக்கிரலோஸ் என்பவற்றைக் குறிக்கும் எண்கள் என்றும், அஸ்பாட்டேமுக்கு 951, சைக்கிளமேற்றுக்கு 952, சக்கரினுக்கு 954 என்றும் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன். நாளுக்கு ஒரு போத்தலால் இதுவரை மகனுக்குத் தீங்கு நேர்ந்திருக்குமென்று அஞ்சவேண்டாம், ஆனால் நாள்தோறும் கொடுக்கத்தக்கதும் அன்று என்றேன். "எவ்வளவு கலந்திருக்கிறதென்று எப்படி அறிவது, ஐயா?" என்று கேட்டார். பெயர் இருந்தது, எண் இருந்தது, மில்லிகிராம் இல்லை. அமெரிக்கக் குழந்தை வைத்தியர் கழகம் 2019ஆம் ஆண்டிலேயே அளவையும் பொதியில் அச்சிடவேண்டுமெனக் கேட்டது. அவர் மகனின் நிறையையும் நிபுணர் குழுவின் எல்லையையும் வைத்துக்கொண்டு யான் செய்த கணக்கு, அவ்வோர் இலக்கம் இல்லாமையாற் பாதியில் நின்றது.

"அப்படியானால், பேசாமல் முந்தியமாதிரிப் பனங்கட்டித் தண்ணீரே கொடுக்கலாமோ?" என்றார். பனங்கட்டியும் பெரும்பாலும் சீனியே என்றேன். நம் பாட்டனார் அதனைக் கரைத்துக் குடிக்கவில்லை. ஒரு சிறு துண்டைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீரை அருந்தினர். அவர் சற்று நேரம் யோசித்து, "தண்ணீர்தான் மிச்சம்" என்று கூறி, மகனுக்கு ஒரு தண்ணீர்ப் போத்தல் வாங்குவதற்காக அடுத்த கடைக்குட் புகுந்தார்.